பெரியம்மா எடுத்துப்போன பிடிமண்

ஊர்களை உண்டாக்கியவர்கள் ராஜாக்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு கனவு என்று எழுதினால் மார்க் விழுந்துவிடும். எங்கள் பெரியப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார். தன் கண்ணெதிரே ஓர் ஊர் உண்டானது என்றும், அதை உண்டாக்கியது ஒரு ரப்பர் குழாய் என்றும் சொல்வார். அவருக்கு மார்க் போடத்தான் ஆள் இல்லை.

அப்போது நாங்கள் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே லைன் வீடுகளில் குடியிருந்தோம். நீளமான ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். அதில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் பெரியப்பாவும் பெரியம்மாவும். நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் நான் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா "நூறு ஆயுசு" என்பாள். அப்பா தினமும் நகரத்தைச் சுற்றிவரும் சர்க்குலர் ரயில் ஏறி இன்சீன் பட்டறைக்குப் போய்வருவார். பெரியப்பா பக்கத்து ஷெட்டிலேயே ஃபிட்டர்.

மேல்பர்மாவின் வறண்ட பூமியில், இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே, எஞ்சின் மாற்றுவதற்காகப் புதிதாக ஒரு டிப்போ போட்டார்கள். ஏன் அந்த இடம் என்றால், மேப்பில் அங்கேதான் பாதி வழி வந்தது, வேறு காரணம் கிடையாது. கள்ளி, முள், அங்கங்கே சில பனைமரங்கள். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். அங்கே மாற்றல் என்றதும் ஷெட்டில் இருந்த பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிட்டது. பெரியப்பா மட்டும் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அண்ணனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார் அப்பா. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் பெரியப்பாவின் ஒரே மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிட்டவள், காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். அவளைப் பார்த்திராத மனிதர்கள் இருக்கும் இடமாகத் தேடிப் பெரியப்பா போனார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பெரியம்மா அவருடன் போகவில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர் லீவில் வருவார். காது மடிப்புக்குள்கூடப் புழுதி இருக்கும். குளித்து முடித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தால் அந்த ஊர்க் கதை ஆரம்பமாகும். கேட்பதற்கு நான் ஒருத்திதான். பெரியவர்களுக்கு அந்த ஊர் என்றாலே முகம் சுருங்கும்.

முதலில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தண்டவாளம், ஒரு தொட்டி. அவ்வளவுதான் இருந்ததாம். ஷெட்டுக்கும் ஆட்களுக்கும் வேண்டிய தண்ணீர் ஆற்றங்கரையிலிருந்து டாங்க் வண்டியில் வரும். வண்டியிலிருந்து தொட்டிக்கு ரப்பர் குழாய். மிஞ்சுகிற தண்ணீரை அக்கம்பக்கத்து ஜனங்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஷெட்டின் சயா, அதாவது அங்கே பொறுப்பில் இருந்த பெரியவர், ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். எங்கேதான் ஒளிந்திருந்தார்களோ, குடமும் எண்ணெய் டின்னும் மாட்டுவண்டியுமாக ஆட்கள் வந்து வரிசைகட்டினார்கள். டாங்க் வண்டி எப்போது வரும் என்பது அந்த வண்டிக்கே தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு கல்லை வைத்து இடம் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள். பக்கத்தில் இருப்பவன் கல்லை நகர்த்திவிடுவான் என்று பயந்தவன் கல்லுக்கு அருகிலேயே பாய் விரித்தான். பாய் விரித்தவன் வெயில் தாங்காமல் நாலு மூங்கிலை நட்டு மேலே பனையோலை போட்டான். ஓலைக்குக் கீழே அவன் பெண்டாட்டி வந்து அடுப்பு மூட்டினாள்.

"வரிசையில இடம் போட வச்ச கல்லுதான் பாப்பா, இன்னைக்கு அவனவன் வீட்டுக்கு மூலைக்கல்லு," என்பார் பெரியப்பா. "மத்தியானத்துல ஷெட்டு நிழலு எந்தப் பக்கம் சாஞ்சுச்சோ, அந்தப் பக்கமா வரிசையும் வளைஞ்சுச்சு. அதான் அங்க பெரிய தெரு கோணலா போகுது. எந்த இன்ஜினியரும் போட்ட தெரு இல்ல அது."

காத்திருப்பவர்கள் வாய் சும்மா இருக்காதே என்று ஒருவன் வெற்றிலைக் கடை வைத்தான். அடுத்து மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, விற்கிற ஒரு அம்மாள் வந்து, சீக்கிரம் தீர்ந்துபோகாத பெரிய பானையை இறக்கினாள். பிறகு ஒரு புத்த பிக்கு, ஒரு சின்ன மடம், மடத்தில் பள்ளிக்கூடம். ஊருக்குக் கடிகாரம் ஷெட்டின் சங்கு. ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவார்கள், மறுபடி ஊதினால் பிள்ளைகளைத் தூங்கப் போடுவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் எங்கள் வீட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் டிப்போ வரைந்து, தெருவுக்குக் கோணலாகக் கல் அடுக்குவேன். வீட்டுக்குள் கல் எதற்கு என்று அம்மா விளக்குமாற்றால் ஊரையே கூட்டித் தள்ளுவாள்.

அந்த டிப்போ இன்றைக்கு இல்லை. பாதி வழியில் நிற்கத் தேவையில்லாத எஞ்சின்கள் வந்ததும் ஷெட்டை மூடித் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் மட்டும் எழுந்து போகத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. போனவருஷம் ஒருவர் போனில் படம் அனுப்பினார். நிழல் போடக் கட்டிடம் இல்லாத இடத்தில் தெரு அப்படியே வளைந்துதான் போகிறது. இன்றைக்கு வந்து பார்ப்பவனுக்கு அது ஏன் வளைகிறது என்று தெரிய வழியே இல்லை. வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் ரயில்வேக்காரர்களாகச் சில தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்திருந்தன. ஒரு கோடையில் அங்கே பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. மாரியம்மன் இல்லாத ஊரில் பிள்ளைகுட்டியோடு எப்படி இருப்பது என்று பெண்கள் பிடிவாதம் பிடிக்க, குழாயடிக்குப் பக்கத்தில் கோயிலுக்கு இடம் பார்த்துவிட்டார்கள். புதுக் கோயில் எழுப்ப வேண்டுமானால் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் வர வேண்டும். எங்கள் லைன் வீடுகளுக்குக் கோடியில், வேப்பமரத்தடியில் இருந்த மாரியம்மன்தான் அவர்களுக்குத் தாய்க்கோயில். மண்ணை எடுத்துவரப் பெரியப்பாவை அனுப்பினார்கள்.

பிடிமண்ணுக்கு எங்கள் கோயிலில் சட்டம் அதிகம். கலயத்தைச் சுமங்கலிதான் சுமக்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. சுமந்து போனவள் அங்கே முதல் விளக்கை ஏற்றி, புருஷனோடு அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், ஏனென்றால் அம்மனை ஓரிடத்தில் இறக்கிவிட்டு ஓடிவரக் கூடாது. ஆக, பெரியப்பா வந்தது மண்ணுக்கு மட்டும் இல்லை, பெரியம்மாவுக்கும் சேர்த்து. பெரியம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. நம்மவர்கள் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அக்காவையும் புதைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரியம்மா ஒரு பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறி மயானத்துக்குப் போவாள். மண்மேட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெறும் பாட்டிலோடு திரும்பி வருவாள். பூவோ விளக்கோ கொண்டுபோனால் ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். தண்ணீர் எதற்கு என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் விளங்கும். காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது அக்கா பச்சைத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரியம்மா தம்ளரில் மொண்டும் விட்டாள். "ஜன்னி கண்டுரும்க்கா, குடுக்காதீங்க" என்று அந்தத் தம்ளரைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தது என் அம்மா. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டது கிடைக்காமல் போய்விட்டாள், அதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் உப்பு இருக்கிறதா, துணி காய்ந்ததா என்று எல்லாம் பேசிக்கொண்டார்கள். தம்ளரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மயானமும் இப்போது இல்லை. மேடு பள்ளமெல்லாம் நிரவி அடுக்கு வீடுகள் கட்டிவிட்டார்கள். தாமுவே பக்கம் நான் வேலை செய்யும் கடைக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. மாடிகளில் துணி காய்கிறது.

அந்த லீவில் பெரியப்பாவும் பெரியம்மாவும் போட்ட சண்டை பலகைச் சுவர் வழியாக எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அம்மா கேட்காததுபோல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இல்லாத காட்டுல ஒரு ஊரே வந்து உக்காந்துருச்சு. நீ ஒருத்தி வர மாட்டியா?" என்றார் பெரியப்பா.

"எம் புள்ள இங்க இருக்கு."

"எங்கடி இருக்கு? காட்டு, பாப்போம். எங்க இருக்கு?"

பெரியப்பா அழுததை அன்றைக்குத்தான் நான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். ஆண்கள் அழுதால் இருமுவதைப்போல் சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு பெரியம்மாவின் குரல், சண்டையெல்லாம் வடிந்துபோன குரல், சம்பந்தமே இல்லாமல் ஒன்றைக் கேட்டது.

"கோயிலு கொழாயடியிலயா வருது?"

"ஆமா. குழாய்க்கு நேரே."

"அங்க புள்ளைங்க வருமா?"

"பூராப் புள்ளைங்கதான். தண்ணி பிடிக்க வேற யாரு வர்றா? காலையில இருந்து அங்கதான் ஈரத்துல கெடந்து ஆடுதுங்க."

மறுநாள் பெரியம்மா வருவதாகச் சொல்லிவிட்டாள். அம்மன் அவள் மனசை மாற்றிவிட்டாள் என்று லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. பூசாரிக்கு ஏகப் பெருமை.

புறப்படுவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பெரியம்மா என்னையும் மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அக்காவின் கவுனைப் போட்டிருந்தேன். அவள் உடுப்பெல்லாம் எனக்குத்தான் வந்திருந்தது. பெரியம்மா வழக்கம்போல் தண்ணீரை ஊற்றினாள். மண் ஊறியதும் குந்தி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் ஆழமாகக் கிளறி, ஈர மண்ணை அள்ளி ஒரு காலிப் பால் டப்பாவில் போட்டாள். டப்பா நிறைந்ததும் மூடியை அழுத்தினாள். எதற்கு என்று நான் கேட்டேன். தொட்டிச் செடிக்கு என்றாள். எங்கள் வீடுகளில் தொட்டியும் இல்லை, செடியும் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கோயிலில் பூசை. பூசாரி அம்மன் காலடியிலிருந்து பிடி பிடியாக மண்ணெடுத்துப் புதுக் கலயத்தில் இட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, வேப்பிலை செருகிப் பெரியம்மா கையில் கொடுத்தார். ரயில் மத்தியானத்துக்கு மேல். அதுவரை கலயம் தரையில் படாமல் பெரியம்மா வீட்டு உறியில் தொங்கியது. பெரியப்பா மூட்டைகளை ஏற்ற வண்டி பார்க்கப் போயிருந்தார். நான் சும்மா இருக்காமல் அங்கே போய் நின்றேன்.

பெரியம்மா கலயத்தை இறக்கி மடியில் வைத்து, துணியை அவிழ்த்திருந்தாள். பக்கத்தில் பால் டப்பா. என்னைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. டப்பா மண்ணைக் கலயத்துக்குள் கொட்டி, தயிர்ச்சோறு பிசைவதைப்போல் விரலால் மெல்லப் பிசைந்தாள். கட்டி தட்டுப்பட்ட இடத்தில் நசுக்கிவிட்டாள்.

"அவ மட்டும் இங்க தனியா என்ன பண்ணுவா," என்றாள். அது எனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

எனக்கு ஒரே திகில். தீட்டு என்றால் என்ன என்பதை நான் பாலோடு குடித்து வளர்ந்தவள். என் அம்மா, சாவு வீட்டுக்குப் போனவர் ஏறிய பஸ்ஸில் நாமும் ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் தலை முழுகுகிற ரகம். மயானத்து மண் சாமிக் கலயத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பூசாரிக்குத் தெரிந்தால் கலயத்தை ஆற்றில் விட்டுவிடுவார்கள். பெரியம்மாவைக் கோயில் பக்கம் சேர்க்க மாட்டார்கள். பெரியப்பா அந்தக் காட்டுக்குத் தனியாகப் போவார், வெறுங்கையோடு. இவ்வளவும் தெரிந்துதான் நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தப் போவதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாதி பர்மியமும் பாதித் தமிழுமாக நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை முறம் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

அம்மா பலகைச் சுவரைப் பார்த்தாள். அவள் எழுந்து போய்ப் பெரியம்மாவைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தேன். அம்மா முறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நல்லாக் கலந்துட்டாளா?"

"ம்."

"தனியாத் தெரியலியே?"

"தெரியல."

"அப்ப சரி," என்று மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

வழியனுப்ப ரயிலடிக்கு வரும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை. கூட்டம் ஆகாது, தலைவலி வரும் என்பாள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். அந்த நாளுக்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பெரியம்மா அந்த ஊரைவிட்டு வரவில்லை. கோயில் எழும்பி, பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கூழ் ஊற்றி, பெரியப்பாவுக்குப் பிறகும் அங்கேயே இருந்து, அங்கேயே முடிந்துபோனாள். அம்மாவும் இங்கே போய்விட்டாள்.

அன்றைக்குப் பெரியம்மா ஜன்னலோரத்தில் மடியில் கலயத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிளாட்பாரத்தில் நாங்கள், பூசாரி, லைன் வீட்டுக்காரர்கள் பாதிப் பேர். பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னல் வழியே கலயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மாவின் முறை வந்தது. அவள் தொட்டுக் கும்பிடவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "குடுங்கக்கா," என்றாள்.

பெரியம்மா முதலில் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொடுக்காவிட்டால் பூசாரி ஏன் என்று கேட்பார். கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. கலயத்தைக் கொடுத்தாள், ஆனால் விரல்களை எடுக்கவில்லை. ஜன்னல் கட்டையின் மேல் நாலு கைகளுக்கு நடுவே கலயம் நின்றது.

அம்மா குனிந்து, மஞ்சள் துணியில் முகத்தை அழுத்தி, மூச்சை இழுத்து முகர்ந்தாள். ஒரு தரம் இழுத்துவிட்டு, போதாமல் இன்னொரு தரமும் இழுத்தாள்.

சாமிக்கு என்று எடுத்துவைத்த பூவையே முகரக் கூடாது என்று என்னை எத்தனையோ முறை கிள்ளியவள் இந்த அம்மாதான். எனக்குப் பொறுக்கவில்லை. பூசாரிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"சாமிக்கு உள்ளத மோந்து பாக்கக் கூடாதும்மா!"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. திட்டவும் இல்லை. பெரியம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் கலயத்தை அம்மாவின் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"மோந்துக்க. இன்னும் ஒரு தடவ மோந்துக்க," என்றாள்.

வண்டி நகரும்வரை அம்மா அதையேதான் செய்தாள். தப்பு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு அதே தப்பைச் செய்கிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடு திரும்பும்வரை நான் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை.